115க்கும் 105க்கும் நடுவே 8 ரன்: டக்வொர்த் மறைந்த வாரத்தில் அவருடைய கணக்கு

மழையால் தடைபடும் கிரிக்கெட் ஆட்டத்தின் இலக்கை மாற்றிக் கணக்கிடும் முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிராங்க் டக்வொர்த் 2024 ஜூன் 21 அன்று 84ஆம் வயதில் காலமானார். மூன்று நாள் கழித்து, ஜூன் 24 இரவு, செயின்ட் வின்சென்ட் தீவின் கிங்ஸ்டவுனில் ஆப்கானிஸ்தான் வங்கதேசத்தை வீழ்த்தி முதன்முறையாக ஓர் உலகக் கோப்பையின் அரையிறுதிக்குள் நுழைந்தது. ஸ்கோர்கார்டைப் பார்த்த பலருக்கும் கணக்கு உதைத்தது. ஆப்கானிஸ்தான் எடுத்தது 115. வங்கதேசம் ஆல் அவுட் ஆனது 105க்கு. வித்தியாசம் 10. ஆனால் முடிவு என்று எழுதியிருந்ததோ, அந்த டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் (டிஎல்எஸ்) முறையில் 8 ரன் வெற்றி. மீதி 2 ரன் எங்கே போனது?

அதைவிடக் குழப்பியது நடுவில் வந்த ஒரு கட்டம். 11.4 ஓவரில் வங்கதேசம் 7 விக்கெட்டுக்கு 81. இலக்கு 116 என்பதால் மீதி 50 பந்தில் 35 ரன் எடுத்தால் போதும். ஓவருக்கு நாலு ரன் சொச்சம்தான். ஆனாலும் அந்தப் பந்தில் ஆட்டம் நின்றுபோயிருந்தால் வங்கதேசம் 2 ரன்னில் தோற்றதாகவே அறிவித்திருப்பார்கள். தூறல் விழுந்ததும் ஆப்கானிஸ்தான் தரப்பு நேரத்தை இழுக்கப் பார்த்ததும், வங்கதேசம் அடுத்த பந்துக்கு அவசரப்பட்டதும் இதனால்தான்.

2024 விளையாட்டு உலகம் பெரிய பெயர்களை இழந்த ஆண்டு. ஜனவரி 5 அன்று பிரேசிலின் மாரியோ ஜகாலோ, இரண்டு நாள் கழித்து ஜெர்மனியின் பிரான்ஸ் பெக்கன்பாவர், பிப்ரவரி 11 அன்று மாரத்தான் உலக சாதனையாளர் கெல்வின் கிப்டம், ஆகஸ்டில் இங்கிலாந்தின் கிரஹாம் தோர்ப். இந்தப் பட்டியலில் டக்வொர்த் ஒருவர்தான் விளையாட்டு வீரர் அல்லாதவர். புள்ளியியல் வல்லுநர், இங்கிலாந்தின் அணுசக்தித் துறையில் வேலை பார்த்தவர். ஆனால் மழை பெய்கிற ஒவ்வொரு மைதானத்திலும் அவர் பெயர் திரையில் வந்துவிடும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கணக்கை அடியிலிருந்து பார்த்தால் கிங்ஸ்டவுன் இரவு தானாகவே விளங்கும்.

மழையைப் பங்கு போட்ட பழைய வழிகள்

ஒரு காலத்தில் மழையை யாரும் கணக்குப் போட்டதில்லை. தலையெழுத்து என்று விட்டுவிட்டார்கள். ஆடுகளத்தை மூடாத அந்த நாட்களில், நனைந்து காயும் மண்ணில் பந்து தாறுமாறாகத் திரும்பும். 1968இல் லண்டன் ஓவல் டெஸ்டின் கடைசி நாளில் பெருமழை கொட்டி மைதானம் குளமானது. பார்வையாளர்களே இறங்கித் தண்ணீரை வடித்தார்கள். காய்ந்துவந்த களத்தில் டெரெக் அண்டர்வுட் 50 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து, நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஆஸ்திரேலியாவைச் சுருட்டினார். அந்த அண்டர்வுட்டும் 2024 ஏப்ரல் 15 அன்றுதான் மறைந்தார். மழையைத் தனக்குச் சாதகமாக்கிய பந்துவீச்சாளரும், மழையைச் சமமாகப் பங்கிட்ட புள்ளியியலாளரும் ஒரே ஆண்டில் போனார்கள்.

ஐந்து நாள் டெஸ்டில் மழை வந்தால் டிரா என்று கைகுலுக்கிவிடலாம். ஒரே நாளில் முடிவு தெரிய வேண்டிய ஆட்டத்தில் அது நடக்காது. ஓவரை வெட்டியாக வேண்டும். ஓவரை வெட்டினால் இலக்கை எவ்வளவு வெட்டுவது? இதற்கு முதலில் இரண்டு பதில்கள் இருந்தன.

1. சராசரி முறை. முதல் அணி 50 ஓவரில் 250 எடுத்தால் ஓவருக்கு 5. இரண்டாவது அணிக்கு 40 ஓவர்தான் என்றால் இலக்கு 201. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் இரண்டாவது அணியின் கையில் அதே 10 விக்கெட் இருக்கிறது. 50 ஓவருக்கு நீட்டிப் பிடிக்க வேண்டிய விக்கெட்டுகளை 40 ஓவரிலேயே செலவழிக்கலாம். ஆரம்பத்திலிருந்தே அடித்து ஆடலாம். எனவே இந்த முறை துரத்துகிற அணிக்குப் பெரிய சலுகை.

2. அதிக ரன் வந்த ஓவர்களை மட்டும் எண்ணும் முறை. இரண்டாவது அணி எத்தனை ஓவரை இழக்கிறதோ, முதல் அணி குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களை நீக்கிவிடுவார்கள். முந்தைய சலுகையைச் சரிசெய்ய வந்த முறை இது. வண்டியை மறுபக்கம் குடைசாய்த்துவிட்டது.

இரண்டாவது முறையின் கொடுமை 1992 மார்ச் 22 அன்று சிட்னியில் வெளிப்பட்டது. உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்து 45 ஓவரில் 252. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை என்ற கட்டத்தில் மழை. சுமார் 12 நிமிடத்தில் 2 ஓவர் போனது. தென்னாப்பிரிக்காவின் மெரிக் பிரிங்கிள் வீசியிருந்த இரண்டு ஓவர்களில் ரன்னே வராதது போலத்தான். நீக்குவதற்கு அந்த இரண்டு ஓவர்கள்தான் கிடைத்தன. ஓவர் இரண்டு குறைந்தது, இலக்கு குறைந்ததோ ஒரே ஒரு ரன். 13 பந்தில் 22 என்றிருந்தது 1 பந்தில் 21 ஆனது. திரையில் அதையும் 22 என்றே காட்டினார்கள். நன்றாகப் பந்து வீசியதற்கே தண்டனை கொடுக்கும் கணக்கு அது. டக்வொர்த்-லூயிஸ் முறையை அன்றைக்குப் பொருத்திப் பார்த்தால் கடைசிப் பந்தில் 4 எடுத்தால் டை (சமநிலை), 5 எடுத்தால் வெற்றி என்று வரும்.

அந்த ஆட்டத்தைக் கேள்விப்பட்டு, இதைக் கணித முறையில் சரிசெய்ய முடியும் என்று இறங்கியவர் டக்வொர்த். மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த டோனி லூயிஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே-இங்கிலாந்து ஒருநாள் ஆட்டத்தில் இந்த முறை முதன்முதலில் அரங்கேறியது. ஜிம்பாப்வே 7 ரன்னில் வென்றது. 1999இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) இதை ஏற்றுக்கொண்டது. லூயிஸ் 2020இல் காலமானார்.

வளம்: ஓவரும் விக்கெட்டும் சேர்ந்த ஒரே நாணயம்

முறையின் உயிர் ஒரு எளிய உண்மையில் இருக்கிறது. பேட் செய்யும் அணியிடம் செலவழிக்க இரண்டு பொருள் உண்டு: பந்துகள், விக்கெட்டுகள். இரண்டில் எது தீர்ந்தாலும் இன்னிங்ஸ் முடிந்துவிடும். எனவே ஓவரை மட்டும் எண்ணுவது, ஒரு பணப்பையை எண்ணிவிட்டு இன்னொன்றை மறப்பது போன்றது. டக்வொர்த்தும் லூயிஸும் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்கள். அதற்குப் பெயர் வளம். 50 ஓவரும் 10 விக்கெட்டும் கையில் இருந்தால் வளம் 100 சதவீதம்.

பழைய பல ஆட்டங்களின் ஸ்கோர்களை வைத்து, இத்தனை ஓவர் மீதம், இத்தனை விக்கெட் போயிருக்கிறது என்றால் சராசரியாக இன்னும் எத்தனை ரன் வரும் என்று வளைகோடுகள் வரைந்தார்கள். ஒவ்வொரு கோடும் முதலில் வேகமாக ஏறும், பிறகு தட்டையாகிவிடும். கையில் இரண்டே விக்கெட் இருக்கும்போது 20 ஓவர் மீதம் இருந்தால் என்ன, 40 ஓவர் இருந்தால் என்ன? அத்தனை ஓவர் அவர்கள் நிற்கப் போவதில்லை. கோடு தட்டையாவதன் பொருள் அதுதான். அடிப்படை அட்டவணையிலிருந்து சில எண்கள், மீதமுள்ள வளம் சதவீதத்தில்:

- 40 ஓவர் மீதம்: விக்கெட் இழப்பில்லை என்றால் 89.3, 2 விக்கெட் போயிருந்தால் 77.8; 4 போயிருந்தால் 59.5, 6 போயிருந்தால் 34.6, 8 போயிருந்தால் 11.9
- 30 ஓவர் மீதம்: 75.1, 67.3; 54.1, 33.6, 11.9
- 20 ஓவர் மீதம்: 56.6, 52.4, 44.6, 30.8, 11.9
- 10 ஓவர் மீதம்: 32.1, 30.8, 28.3, 22.8, 11.4
- 5 ஓவர் மீதம்: 17.2, 16.8, 16.1, 14.3; 9.4

கடைசி எண்களை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். 8 விக்கெட் போன அணிக்கு 40 ஓவர் மீதம் இருந்தாலும் 20 ஓவர் மீதம் இருந்தாலும் வளம் அதே 11.9தான். முதல் எண்களையும் பாருங்கள். 50 ஓவரில் 10 ஓவரை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை, தொடக்கத்திலேயே இழந்த அணி வளத்தில் இழப்பது 10.7 மட்டுமே. சராசரி முறையின் பிழை இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

மூன்று மாதிரிக் கணக்குகள்

முதல் அணி 50 ஓவரும் ஆடி 250 எடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

1. இடைவேளையில் மழை. இரண்டாவது அணிக்கு 40 ஓவர். அதன் வளம் 89.3. 250ஐ 0.893ஆல் பெருக்கினால் 223.25. தசமத்தை விட்டுவிட்டால் 223 டை, 224 இலக்கு. சராசரி முறை கொடுத்திருக்கும் 201ஐ விட 23 ரன் கூடுதல்.

2. துரத்தலின் நடுவில் மழை. 20 ஓவர் முடிந்திருக்கிறது. மழையால் 10 ஓவர் போய், மீண்டும் தொடங்கும்போது 20 ஓவர்தான் மிச்சம். இங்கே விக்கெட் எத்தனை போயிருக்கிறது என்பதே எல்லாம். 2 விக்கெட் மட்டும் போயிருந்தால் மழை தின்ற வளம் 67.3 கழித்தல் 52.4, அதாவது 14.9. மொத்த வளம் 85.1, இலக்கு 213. 6 விக்கெட் போயிருந்தால் மழை தின்றது 33.6 கழித்தல் 30.8, வெறும் 2.8. மொத்த வளம் 97.2, இலக்கு 244. அதே மழை, அதே 10 ஓவர்; இலக்கில் 31 ரன் வித்தியாசம். 6 விக்கெட்டை இழந்த அணிக்கு மழை பெரிதாக எதையும் பறிக்கவில்லை என்கிறது கணக்கு.

3. முதல் இன்னிங்ஸிலேயே மழை. பலரைத் திகைக்க வைப்பது இதுதான், ஏனென்றால் இங்கே இலக்கு ஏறும். முதல் அணி 40 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 200 எடுத்தபோது மழை வந்து இன்னிங்ஸ் அங்கேயே முடிகிறது. இரண்டாவது அணிக்கும் 40 ஓவர். முதல் அணி கடைசி 10 ஓவரில் அடித்து ஆடலாம் என்று 6 விக்கெட்டைச் சேமித்து வைத்திருந்தது. அந்தச் சேமிப்பு வீணாகப் போனது. அதன் வளம் 100 கழித்தல் 28.3, அதாவது 71.7. இரண்டாவது அணிக்கோ 40 ஓவர்தான் என்பது முன்பே தெரியும். அதன் வளம் 89.3. கூடுதல் 17.6 சதவீதம். சராசரி 50 ஓவர் ஸ்கோராக அடிப்படை முறை எடுத்துக்கொள்ளும் 245இல் 17.6 சதவீதம் 43. எனவே இலக்கு 244. ஓவர் சமம், ஆனால் முதல் அணி எடுத்ததைவிட இலக்கு 44 ரன் அதிகம்.

பார் ஸ்கோரும் டர்பனில் தடுத்த பந்தும்

துரத்தல் நடக்கும்போது ஆட்டம் அப்படியே நின்றுவிட்டால் யார் வென்றது? இதற்கு விடை சொல்வது பார் ஸ்கோர். இதுவரை செலவழித்த வளத்துக்கு எத்தனை ரன் எடுத்திருக்க வேண்டுமோ அதுதான் பார். 250ஐத் துரத்தும் அணி 30 ஓவர் முடிவில் 4 விக்கெட் இழந்திருந்தால், மீதி வளம் 44.6, செலவு 55.4, பார் 138. அதே ஓவரில் 6 விக்கெட் போயிருந்தால் செலவு 69.2, பார் 173. இரண்டு விக்கெட்டின் விலை 35 ரன்.

துரத்தல் தொடங்குமுன்பே இரு அணிகளுக்கும் ஒரு தாள் வந்துவிடும். வரிசைகளில் ஓவரும் பந்தும். பத்திகளில் 0 முதல் 9 வரை விழுந்த விக்கெட். ஓவர் வரிசையில் போய் விக்கெட் பத்தியில் நின்றால் பார் கிடைக்கும். இதைப் படிப்பதில் மிகப் பெரிய தவறு, பாரை வெற்றி ஸ்கோராக எடுத்துக்கொள்வது. பார் என்பது டை. வெல்ல அதற்கு மேல் ஒரு ரன் வேண்டும்.

2003 மார்ச் 3, டர்பன். உலகக் கோப்பையை நடத்திய தென்னாப்பிரிக்கா இலங்கையின் 268ஐத் துரத்திக்கொண்டிருக்கிறது. மழை வலுக்கிறது. 45ஆவது ஓவர் முடிவில் தாளில் இருந்த எண் 229. அது போதும் என்ற தகவல்தான் களத்துக்குப் போனது. முரளிதரனின் ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்ஸருக்கு அனுப்பினார், ஸ்கோர் 229. கடைசிப் பந்தில் விக்கெட்டைக் கொடுத்துவிடக் கூடாது என்று தடுத்து ஆடினார். ஆட்டம் மறுபடி தொடங்கவே இல்லை. டை. தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் முதல் சுற்றோடு வெளியேறியது. கணக்கில் பிழையில்லை, தாளைப் படித்த கண்ணில் பிழை. 1992ஐப் பார்த்து உருவான முறை அதே நாட்டையே இப்படிப் பதம் பார்த்தது இன்றைக்கும் வலிக்கிற விஷயம்.

அட்டவணையிலிருந்து கணினிக்கு, டிஎல்லிலிருந்து டிஎல்எஸ்ஸுக்கு

தாளும் பென்சிலும் போதும் என்பதுதான் அடிப்படை அட்டவணையின் அழகு. ஆனால் ஸ்கோர் மிக உயர்ந்தால் அது தடுமாறும். 359ஐத் துரத்தும் அணி 25 ஓவரில் விக்கெட் இழக்காமல் இருந்தால் மீதி வளம் 66.5, பார் 120. அதாவது 25 ஓவரில் 121 எடுத்திருந்தாலே வெற்றி. மீதி 25 ஓவரில் 239 எடுக்க வேண்டிய அணியை முன்னிலையில் இருப்பதாக யார் ஒப்புவார்கள்? பெரிய ஸ்கோரில் ரன் ஆரம்பத்திலிருந்தே ஏறக்குறைய சீராக வந்தாக வேண்டும். இதனால் ஸ்கோருக்கு ஏற்ப வளைகோட்டை நிமிர்த்தும் கணினி வடிவம் சர்வதேச ஆட்டங்களுக்கு வந்தது.

டி20 வந்து ரன்குவிப்பு இன்னும் வேகமானபோது ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் ஸ்டீவன் ஸ்டெர்ன் பொறுப்பேற்று எண்களைப் புதுப்பித்தார். 2014 முதல் அவர் பெயரும் சேர்ந்து டிஎல்எஸ் ஆனது. அடிப்படை யோசனை மாறவில்லை. மேலே காட்டிய அட்டவணை யோசனையைப் புரிந்துகொள்ள உதவும், இன்றைய சர்வதேச இலக்கைச் சரியாகச் சொல்லாது.

டி20க்கு ஓர் உதாரணம்: 2023 ஐபிஎல் இறுதி. குஜராத் 214. சென்னை மூன்றே பந்து ஆடியதும் மழை. 15 ஓவரில் 171 என்று இலக்கு வந்தது. ஓவரில் முக்கால் பங்கு என்றால் சராசரிக் கணக்கில் 161தான். 10 விக்கெட்டும் கையில் இருந்ததற்குச் சென்னை கொடுத்த விலை அந்தக் கூடுதல் 10 ரன். ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்த அந்த முடிவை இவ்வளவு நெருக்கமாக்கியதும் அதுவே.

2024 ஜூன்: கரீபியனில் ஐந்து நாட்கள்

டி20 உலகக் கோப்பையில் அரையிறுதிக்கு முந்தைய சூப்பர் 8 சுற்றில் டக்வொர்த்தின் கணக்கு அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தீர்ப்பு சொன்னது.

ஜூன் 20, ஆன்டிகுவா. பாட் கம்மின்ஸ் ஹாட்ரிக் எடுத்த ஆட்டம். வங்கதேசம் 140. ஆஸ்திரேலியா 11.2 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 100 எடுத்தபோது மழை, ஆட்டம் தொடரவில்லை. பார் 72. 28 ரன் வெற்றி. இங்கே சர்ச்சைக்கே இடமில்லை.

ஜூன் 23, அதே ஆன்டிகுவா. மேற்கிந்தியத் தீவுகள் 135. தென்னாப்பிரிக்கா 2 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 15 எடுத்திருக்கும்போது மழை. 3 ஓவர் குறைந்து 17 ஓவரில் 123 என்று இலக்கு மாறியது. 136 இருந்த இடத்தில் 123: 3 ஓவருக்கு 13 ரன் கழிவு, ஓவருக்கு 4க்கு மேல். 8 விக்கெட் கையில் இருக்கும் அணிக்கு ஓர் ஓவர் என்பது நிஜமான இழப்பு, அதற்கேற்ற ஈடு. கடைசி ஓவரின் முதல் பந்தை மார்கோ யான்சன் சிக்ஸருக்கு அடித்து முடித்தார். போட்டியை நடத்திய மேற்கிந்தியத் தீவுகள் வெளியேறியது.

ஜூன் 24, கிங்ஸ்டவுனின் ஆர்னோஸ் வேல் மைதானம். இந்த ஓர் ஆட்டத்தில் மூன்று அணிகளின் கதி தொங்கியது. ஆப்கானிஸ்தான் வென்றால் ஆப்கானிஸ்தான் அரையிறுதிக்கு. வங்கதேசம் 12.1 ஓவருக்குள் 116ஐ எடுத்தால் வங்கதேசம். அதற்குப் பிறகு வங்கதேசம் வென்றால், களத்திலேயே இல்லாத ஆஸ்திரேலியா. வங்கதேசம் விக்கெட்டைப் பார்க்காமல் அடித்து ஆடக் காரணம் இதுதான். அப்படிப் பறிகொடுத்த விக்கெட்டுகளே பாரை மேலே தள்ளின.

11.4 ஓவரின் நிலையைக் கிட்டத்தில் பார்ப்போம். 120 பந்தில் 70 ஆகிவிட்டது, 58 சதவீதம். 7 விக்கெட் போய்விட்டது. பார் 83. அதாவது 115இல் 72 சதவீதத்தை எடுத்திருக்க வேண்டிய கட்டம். ஸ்கோர் 81. நூர் அகமதின் அடுத்த பந்தில் ஒரு பவுண்டரி போனால் வங்கதேசம் முன்னிலை. பந்தே வீசாமல் மழை பிடித்துக்கொண்டால் ஆப்கானிஸ்தான் அரையிறுதியில். பயிற்சியாளர் ஜொனாதன் டிராட் வெளியிலிருந்து கையைத் தாழ்த்தி, நிதானம் என்று சைகை காட்டினார். ஸ்லிப்பில் நின்ற குல்பதின் நைப் காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மழை வலுத்து எல்லோரும் வெளியேறினார்கள்.

மழை நிற்காமல் போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். சீக்கிரமே நின்றது, போனது ஓர் ஓவர்தான். அந்த ஓர் ஓவருக்கு எவ்வளவு ஈடு? 7 விக்கெட் போன அணிக்கு ஓவரின் மதிப்பு குறைவு என்று மேலே பார்த்தோம். 2 ரன் மட்டுமே கழிந்தது. புது இலக்கு 19 ஓவரில் 114, டை ஸ்கோர் 113. முந்தைய நாள் தென்னாப்பிரிக்காவுக்கு ஓவருக்கு 4க்கு மேல் கழித்த அதே கணக்கு, இன்று 2 மட்டும் கழிக்கிறது. முரண் போலத் தெரிவது உண்மையில் முறையின் நேர்மை.

திரும்பி வந்த குல்பதின் பந்து வீசி ஒரு விக்கெட்டும் எடுத்தார். லிட்டன் தாஸ் 54 ரன்னோடு ஒரு முனையில் தனியாக நின்றார். 17.5 ஓவரில் 105க்கு வங்கதேசம் சுருண்டது; கடைசி இரண்டு விக்கெட்டும் நவீன் உல் ஹக்கின் அடுத்தடுத்த பந்துகளில். 113இலிருந்து 105ஐக் கழித்தால் 8. காணாமல் போன 2 ரன், மழை தின்ற அந்த ஓர் ஓவரின் விலை.

அரையிறுதியில் ஆப்கானிஸ்தான் 56 ரன்னுக்குச் சுருண்டு தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது. சிட்னியிலும் டர்பனிலும் மழையால் நொந்த தென்னாப்பிரிக்கா, ஆண்கள் உலகக் கோப்பையில் முதன்முறையாக இறுதிக்குப் போனது அந்த வெற்றியால்தான்.

கணக்குக்குத் தெரியாதவை

1. யார் ஆடுகிறார் என்பது தெரியாது. லிட்டன் தாஸ் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தார் என்பது பாரில் ஏறாது. 7 விக்கெட் என்றால் 7 விக்கெட்தான். இதைக் குறை என்று சொல்வதைவிட, வேண்டுமென்றே வைத்த வேலி என்பதே சரி. வீரருக்கு வீரர் மதிப்பெண் போட ஆரம்பித்தால் சண்டை ஓயாது.

2. ஆடுகளமும் களக் கட்டுப்பாடும் தெரியாது. பவர்பிளே ஓவர்களும் மற்ற ஓவர்களும் கணக்கில் தனித்தனியாக நிற்பதில்லை. மழைக்குப் பின் பந்து ஈரமாகி வழுக்குவதும் அப்படியே. திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் வி. ஜெயதேவன் உருவாக்கிய விஜேடி முறை ரன் வரும் போக்கை வேறு விதமாக வரைகிறது. தமிழ்நாடு பிரீமியர் லீகில் மழை வந்தால் பயன்படுவது அதுதான்.

3. குறுகிய ஆட்டத்தில் பிசகு பெரிதாகும். டி20இல் இரண்டாவது அணி 5 ஓவர் ஆடினாலே முடிவு சொல்லலாம். ஒருநாள் ஆட்டத்தில் 20 ஓவர் வேண்டும். 5 ஓவரில் ஒரே ஒரு விக்கெட் கூடினால் பார் எகிறும். 2024 அரையிறுதிகளுக்கும் இறுதிக்கும் இந்தக் குறைந்தபட்சத்தை 10 ஓவராக உயர்த்தியதற்குப் பின்னால் இந்த அச்சம் இருக்கிறது. சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

4. நேரத்தை யார் இழுக்கிறார் என்பது தெரியாது. பந்து வீசும் அணி பாரில் முன்னிலையில் இருந்தால் ஒவ்வொரு தாமதமும் அதற்கு லாபம். இதைத் தடுப்பது நடுவரின் வேலை. நேரத்தை வீணாக்கினால் எச்சரிக்கையும் அதற்கு மேல் தண்டனையும் உண்டு. அந்த உலகக் கோப்பையிலிருந்து, ஓர் ஓவர் முடிந்து 60 வினாடிக்குள் அடுத்த ஓவரைத் தொடங்காவிட்டால் இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது முறை 5 ரன் அபராதம் என்ற விதியும் நிலையானது. ஆனால் அந்தக் கடிகாரம் ஓவர்களுக்கு இடையில்தான் ஓடும். ஓவரின் நடுவில், நான்காவது பந்துக்கும் ஐந்தாவது பந்துக்கும் இடையில், ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அது வலியா நாடகமா என்று அளக்கக் கருவி கிடையாது.

மேகம் திரளும்போது திரையில் எதைப் பார்ப்பது

1. முதலில் குறைந்தபட்ச ஓவர் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பார் எதற்கும் உதவாது. ஆட்டம் முடிவின்றிப் போகும்.

2. பாரை ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். சமம் என்றால் டை. ஒரு ரன் கூட இருந்தால்தான் வெற்றி.

3. பாருக்குப் பக்கத்தில் விக்கெட் எண்ணைக் கவனியுங்கள். திரையில் தெரிவது இந்தப் பந்து வரைக்குமான பார். அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தால் பார் ஒரேயடியாகத் தாவும். பவுண்டரியால் கிடைத்த முன்னிலை அதில் காணாமல் போகலாம்.

4. ஆட்டம் நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் நேரம் தீர்ந்த பிறகு டி20இல் ஏறக்குறைய 4.25 நிமிடத்துக்கு ஓர் ஓவர், ஒருநாள் ஆட்டத்தில் 4.2 நிமிடத்துக்கு ஓர் ஓவர் என்று வெட்டுவார்கள்.

5. ஆட்டம் மீண்டும் தொடங்கினால் பழைய பாரை மறந்துவிடுங்கள். ஓவர் குறைந்ததும் புது இலக்கும் புதுத் தாளும் வரும். இரு அணிகளின் கையிலும் இருக்க வேண்டியது அந்தப் புதுத் தாள்தான்.